ஓஃபன்பாக் வாரச்சந்தையில் காய்கறி வாங்குவது எப்படி? வேலூர்ப் பக்கத்து உறவுகளின் யோசனை தேவை

பேரணாம்பட்டு வாசி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். ஆம்பூரில் உள்ள ஒரு காலணி ஏற்றுமதி நிறுவனத்தில் வடிவமைப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். வரும் மார்ச் மாதம் முதல் ஜெர்மனியின் ஓஃபன்பாக் நகரில், மனைவி, மகளுடன் தங்கி வேலை பார்க்க வேண்டியுள்ளது. வீடு, பள்ளி, காப்பீடு ஆகியவற்றை நிறுவனமே பார்த்துக்கொள்கிறது. சாப்பாட்டை நாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஊரில் அன்றாடக் காய்களைக் கடைத்தெருவிலும், விசேஷம் என்றால் வேலூர் நேதாஜி மார்க்கெட்டிலும் வாங்கிப் பழகியவர்கள் நாங்கள். பிராங்க்பர்ட் பக்கத்திலேயே இருப்பதால் தமிழ்க் கடைகளில் எல்லாமே கிடைக்கும், கவலை வேண்டாம் என்கிறார் ஒரு நண்பர். அங்கே விற்கும் கத்திரிக்காயின் விலையைக் கேட்டால் பசியே அடங்கிவிடும், வாரச்சந்தைக்குப் போய்ப் பழகிக்கொள் என்கிறார் இன்னொருவர். இவர்களில் யார் சொல்வதை நம்புவது? சந்தைக்குப் போனால் மொழி தெரியாமல் எப்படி வாங்குவது, பேரம் பேசலாமா, நம் சமையலுக்கு ஆகும் பொருள்கள் எவை என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். நாங்கள் சைவம், அசைவம் இரண்டும் சாப்பிடுவோம்.

மோர்தானா (பிராங்க்பர்ட் வட்டாரம்)

தம்பி, நான் குடியாத்தம் பக்கத்தவன். வெகுகாலமாக இந்த வட்டாரத்தில் குடியிருக்கிறேன். உங்கள் நண்பர்கள் இருவரும் சொன்னது பாதிப் பாதி சரி. தமிழ்க் கடைகளில் முருங்கைக்காய் முதல் சேப்பங்கிழங்கு வரை கிடைக்கும். ஆனால் அவற்றில் பல விமானத்தில் வந்து இறங்கியவை என்பதால் விலையும் கூடுதல், வாட்டமும் கூடுதல். வாரச்சந்தையிலோ நீங்கள் தேடிப் போகும் காய் பெரும்பாலும் இருக்காது. நினைத்தே பார்க்காத காய்கள் குவிந்து கிடக்கும். பட்டியல் எழுதி எடுத்துக்கொண்டு போகிறவருக்கு அந்தச் சந்தை ஏமாற்றமாகவே முடியும். அன்றைக்கு என்ன வந்திருக்கிறது என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, அதை வைத்து வீட்டில் என்ன செய்யலாம் என்று அங்கேயே நின்று முடிவெடுப்பவர்தான் பை நிறைய வாங்கி வருவார்.

ஓஃபன்பாக்கில் வில்ஹெல்ம்ஸ்பிளாட்ஸ் என்னும் சதுக்கத்தில் செவ்வாய், வெள்ளி, சனிக்கிழமைகளில் காலையில் சந்தை கூடும், பிற்பகலில் கலைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் கடைகள் மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமை கூட்டம் அதிகம். நிதானமாகப் பார்த்து வாங்க வேண்டுமானால் செவ்வாய்க்கிழமை போங்கள். பிராங்க்பர்ட்டில் கிளைன்மார்க்ட்ஹாலே என்று கூரையிட்ட சந்தை ஒன்று இருக்கிறது. போரில் அழிந்து 1954இல் மறுபடி கட்டப்பட்டது. பார்க்க அழகான இடம்; வாரச் சமையலுக்கு அங்கே வாங்கினால் பணப்பை தாங்காது.

இன்னொன்றை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊர் உழவர் சந்தையில், 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் திட்டம் தொடங்கிய நாளிலிருந்து, அடையாள அட்டை வைத்திருக்கும் உழவர்தான் கடை போட முடியும். விலையும் அன்றன்று முடிவாகிப் பலகையில் ஏறிவிடும். வேலூர் டோல்கேட்டிலும் காட்பாடியிலும் அதைப் பார்த்திருப்பீர்கள். ஜெர்மனியின் பெரும்பாலான வாரச்சந்தைகளில் உழவரும் இருப்பார், மொத்த வியாபாரியிடம் எடுத்து வந்து விற்பவரும் அவருக்குப் பக்கத்திலேயே இருப்பார். கண்டுபிடிப்பது கடினமில்லை. ஜனவரி மாதத்தில் தக்காளியும் குடைமிளகாயும் கத்திரிக்காயும் அடுக்கி வைத்திருப்பவர் உழவர் அல்லர். விலைப் பலகையில் விளைந்த நாட்டின் பெயர் எழுதியிருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அதைப் பார்த்தாலே ஸ்பெயினா, நெதர்லாந்தா, உள்ளூரா என்று தெரிந்துவிடும். உற்பத்தியாளர்களிடம்தான் வாங்குவேன் என்றால், பிராங்க்பர்ட்டின் கான்ஸ்டாப்ளர்வாஹே சதுக்கத்தில் வியாழனும் சனியும் கூடும் சந்தைக்குப் போகலாம்.

பழக்கவழக்கங்களில் ஒன்று மிக முக்கியம்: காயைக் கையால் தொடக் கூடாது. கடைக்காரரிடம் சுட்டிக்காட்டினால் அவரே எடுத்து நிறுத்துத் தருவார். வரிசைக்குக் கயிறோ கோடோ இருக்காது. தனக்கு முன்னால் வந்தவர் யார் என்று ஒவ்வொருவரும் மனத்தில் குறித்து வைத்திருப்பார்கள். உங்கள் முறை வருவதற்கு முன் கையை நீட்டினால், யாரும் வாய் திறந்து எதுவும் சொல்லமாட்டார்கள், ஆனால் சுற்றி நிற்கிற அத்தனை பேரும் உங்களையே பார்ப்பார்கள். பேரம் கிடையாது. சந்தை கலையும் நேரத்தில் வாடக்கூடிய பொருள்களைக் கூடையோடு குறைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. அதுவும் அவர்களாகக் கூவிக் கொடுத்தால்தான்.

அளவைக் கவனியுங்கள். அங்கே பேச்சுவழக்கில் ‘ஃபுண்ட்’ என்றால் 500 கிராம். பலகையில் உள்ள விலை கிலோவுக்கா, 100 கிராமுக்கா, ஒரு கட்டுக்கா, ஒரு காய்க்கா என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள். காளானும் பாலாடைக்கட்டியும் பெரும்பாலும் 100 கிராம் விலையில் எழுதப்படுவதால் மலிவாகத் தோன்றும். வங்கி அட்டையில் பணம் வாங்காத கடைகள் இன்னும் இருப்பதால் சில்லறை வைத்திருங்கள். நம் அரசு 2021இல் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று தொடங்கியதே, அந்தப் பையில் நான்கைந்தை மடித்துப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். அங்கேயும் 2022 முதல் சாதாரண நெகிழிக் கைப்பைகளுக்குத் தடை.

இனி சமையல். உருளைக்கிழங்கில் மூன்று வகை எழுதியிருப்பார்கள்: வெந்தாலும் கட்டியாக நிற்பது, மாவாக உதிர்வது, இரண்டுக்கும் நடுவானது. ‘ஃபெஸ்ட்கோகண்ட்’ என்றிருந்தால் வறுவலுக்கு வாங்குங்கள். ‘மேலிகோகண்ட்’ என்றிருந்தால் போண்டாவுக்கும் பூரி மசாலாவுக்கும் ஆகும். நூக்கோல் அவர்களுக்கு அன்றாடக் காய். இலையோடு கிடைக்கும், இளம் இலையைக் கிள்ளி எறியாமல் கூட்டில் சேருங்கள். மாங்கோல்ட் என்ற தண்டுக்கீரை போன்ற கீரை, பீட்ரூட்டுக்கு உறவு; தண்டைப் பொரியலாகவும் இலையை மசியலாகவும் செய்யலாம். முட்டையின் மேல் அச்சிட்ட எண்ணில் முதல் இலக்கம் 0 என்றால் இயற்கை முறைப் பண்ணை, 1 என்றால் வெளியில் மேய்ந்த கோழி, 2 என்றால் கொட்டகை, 3 என்றால் கூண்டு.

ஓஃபன்பாக்கில் இருப்பவருக்கு ஒரு தனி வாய்ப்பு இருக்கிறது. பக்கத்தில் ஓபர்ராட் என்ற பகுதியின் தோட்டங்களில் விளையும் 7 வகை இலைகளைச் சேர்த்து வெள்ளைத் தாளில் சுருட்டி, வசந்தம் வந்ததும் விற்பார்கள். அவற்றை அரைத்துத் தயிர், பாலாடையோடு கலந்து, அவித்த முட்டைக்கும் உருளைக்கிழங்குக்கும் தொட்டுக்கொள்ளும் ‘குரூனே சோசே’ பிராங்க்பர்ட்டின் பெருமை. அந்த இலைக்கட்டுக்கு 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் இலவம்பாடி முள் கத்திரிக்காய்க்கு 2023இல் கிடைத்ததே, அதே வகைப் பாதுகாப்பு. அந்த 7 இலைகளில் ஒன்று புளிப்பானது, சுக்கான்கீரை வகை. கேட்டால் தனியாகவும் தருவார்கள். துவரம்பருப்பு, பூண்டு, பச்சைமிளகாயோடு அதை வேகவைத்துக் கடைந்து, கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்துப் பாருங்கள். சித்தூர்ப் பக்கத்து உறவினர் வீட்டில் சாப்பிடும் புளிச்சக்கீரைப் பப்புக்கு வெகு அருகில் வரும். புளி சேர்க்க வேண்டாம்.

காட்பாடி ஜங்ஷன் (ஆஹன், மாணவர்)

மோர்தானா அண்ணா எழுதியதில் தகவல் பிழை எதுவும் இல்லை. ஆனால் எல்லாருக்கும் பொருந்தும் அறிவுரையாக அதை எடுத்துக்கொள்ள முடியாது. நான் மாணவன். என் வாரச் செலவுக்குள் வாரச்சந்தை அடங்குவதில்லை. தள்ளுபடிப் பேரங்காடியில் அதே உருளைக்கிழங்கும் கேரட்டும் வெங்காயமும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன; சந்தையில் வாங்கியதால் என் சாம்பாரின் சுவை கூடியதாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்து, ‘அங்கே விளைவதைச் சமையுங்கள்’ என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. முருங்கைக்காய் சாம்பார் சாப்பிட வேண்டும் என்று தோன்றும் நாளில் நூக்கோல் சாம்பார் வைத்தால் மனம் சமாதானம் ஆகாது. நானும் நண்பர்களும் மாதத்துக்கு ஒருமுறை தமிழ்க் கடைக்குப் போய்க் காய்களைப் பகிர்ந்து வாங்கிக்கொள்கிறோம். மற்ற நாள்களில் துருக்கியர் கடை. பச்சைமிளகாய், புதினா, சின்னக் கத்திரிக்காய் எல்லாம் அங்கே வாரச்சந்தையை விட மலிவு. கொத்தமல்லிக் கட்டும் அகல இலைப் பார்ஸ்லிக் கட்டும் ஒரே மாதிரி இருக்கும்; முகர்ந்து பார்க்காமல் வாங்காதீர்கள். கோடையில் ‘செமிஸோத்து’ என்ற பெயரில் விற்கும் கீரையைப் பாருங்கள், நம் பருப்புக்கீரையேதான். ஜெர்மானியக் கடைகளில் அது அரிது.

சத்துவாச்சாரி (கிழக்கு லண்டன்)

இந்த இழையை வாசிக்கும் செவிலியர் பலர் இங்கிலாந்துக்கு வரக்கூடியவர்கள் என்பதால் எங்கள் பக்கத்து நிலவரத்தையும் எழுதுகிறேன். அப்டன் பார்க் ரயில் நிலையத்தை ஒட்டிய குயின்ஸ் மார்க்கெட், செவ்வாய், வியாழன், வெள்ளி, சனி ஆகிய நாள்களில் இயங்குகிறது. ஜெர்மனியைப் போல் அமைதியான சந்தை இல்லை. கூவி விற்பார்கள், கேள்வி கேட்டால் பதிலுக்கு இரண்டு கேள்வி கேட்பார்கள். வேலூர் மார்க்கெட்டில் வாங்கிப் பழகியவருக்கு அங்கே அந்நியமாகவே இருக்காது.

அங்கே கிண்ணக் கணக்கு. தக்காளி, மிளகாய், வெண்டைக்காய், எலுமிச்சை என்று ஒவ்வொன்றையும் எஃகுக் கிண்ணத்தில் குவித்து வைத்து, கிண்ணத்துக்கு இவ்வளவு என்று விலை சொல்வார்கள். நிறுத்து வாங்குவதை விட இது மலிவுதான். ஆனால் மேலே பளபளப்பாக இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. கிண்ணத்தைப் பையில் கவிழ்க்கும்போது அடியில் இருந்தவை மேலே வரும். அப்போது கண் அங்கே இருக்கட்டும், அழுகலைத் தயங்காமல் திருப்பிக் கொடுத்தால் மாற்றித் தருவார்கள்.

கீரைக்கு வருகிறேன். கரீபியர் கடைகளில் ‘கலலூ’ என்று கட்டுக்கட்டாக வைத்திருப்பது நம் தண்டுக்கீரை, குப்பைக்கீரை குடும்பத்தைச் சேர்ந்தது. வங்காளதேசத்தவர் கடையில் சிவப்புத் தண்டுக்கீரையும் கிடைக்கும். இரவுப் பணி முடிந்து வரும் வழியில் ஒரு கட்டு வாங்கி வந்தால் எனக்கு இரண்டு நாள் குழம்புக் கவலை இல்லை. தம்பி காட்பாடி சொல்வதை ஓரளவு ஒப்புக்கொள்கிறேன்: நம்மைப் போன்ற வெளிநாட்டவர் கூடி வாழும் இடத்துச் சந்தையில் நம் காய் தானாகவே வந்து சேரும், தேடவே வேண்டாம். அப்படிப்பட்ட இடம் அமையாதவர்களுக்குத்தான் மோர்தானா அண்ணன் சொல்லும் வழி.

தராசுக்காரன் (வேலூர்)

நான் வெளிநாட்டில் இல்லை. நேதாஜி மார்க்கெட்டில் காய்கறி வியாபாரம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவன். காயைத் தொடக் கூடாது என்ற வழக்கத்தைப் படித்தபோது, நம்மவர்கள் கோபப்படுவார்கள் என்று நினைத்தேன். எனக்கு அந்த ஜெர்மன் வியாபாரியின் மேல் பொறாமைதான் வந்தது. வெண்டைக்காயின் நுனியை ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் கால் கிலோ வாங்கிப் போகிறவர்களை நாங்கள் தினமும் பார்க்கிறோம். நுனி ஒடிந்த காயை அடுத்த வாடிக்கையாளர் எடுக்கமாட்டார். நகம் பட்ட சுரைக்காய் மாலைக்குள் கறுத்துவிடும். அந்தச் சேதம் எல்லாம் விலையில்தான் ஏறுகிறது.

தொடாமலே தரம் பார்க்கலாம். கத்திரிக்காயில் தோலைப் பார்ப்பதற்கு முன் காம்பைப் பாருங்கள். காம்பும் அதைச் சுற்றியுள்ள மூடியும் பச்சையாக, தோலோடு ஒட்டியிருந்தால் புதிது. பழுப்பேறிச் சுருங்கி விலகியிருந்தால் பறித்துப் பல நாள் ஆகிவிட்டது. முள் கத்திரியானால் முள் விறைப்பாக நிற்க வேண்டும். தோல் மங்கி மஞ்சள் ஓடியிருந்தால் விதை முற்றியிருக்கும். முட்டைக்கோஸின் அடியில் வெட்டிய இடம் வெளுப்பாக இருக்க வேண்டும். பீன்ஸில் விதை புடைத்துத் தெரிந்தால் நார் இருக்கும். கீரையை மேலே பார்க்காதீர்கள். கட்டு போட்ட இடத்தில், நடுவில் பாருங்கள், அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும். இவை எந்த நாட்டுக் காய்க்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

மோர்தானா (பிராங்க்பர்ட் வட்டாரம்)

தராசுக்காரன் ஐயா சொன்ன காம்புக் குறிப்பு இங்கேயும் நூற்றுக்கு நூறு பொருந்தும். இங்கே நெதர்லாந்துக் கண்ணாடி வீட்டில் விளைந்து வரும் பெரிய கத்திரிக்காய் மாதக்கணக்கில் ஒரே பளபளப்போடு இருப்பதாகத் தோன்றும். காம்புதான் உண்மையைச் சொல்லும்.

காட்பாடித் தம்பிக்கு: விலையைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வதுதான் சரி. வெங்காயம், கேரட், உருளைக்கிழங்கு மூன்றையும் நானும் பேரங்காடியிலேயே வாங்குகிறேன். சந்தைக்குப் போவது பருவப் பொருளுக்காக. ஜூன் மாதச் செர்ரியும் ஆகஸ்டு மாதத் தக்காளியும் செப்டம்பர் மாதப் பூசணியும் அங்கே வாங்கியவர், பேரங்காடியில் அவற்றை வாங்க மனம் ஒப்பமாட்டார். குறிப்பாகத் தக்காளி: ஆண்டு முழுவதும் கிடைக்கும் கண்ணாடி வீட்டுத் தக்காளியில் ரசம் வைத்தால் புளிப்பே இருக்காது, கோடையில் உழவர் கொண்டுவரும் கோணல்மாணலான தக்காளியில் நம் நாட்டுத் தக்காளியின் புளிப்பு இருக்கும். வெள்ளைத் தண்ணீர்விட்டான் வகைத் தண்டு, அதாவது ‘ஷ்பார்கல்’, ஏப்ரலில் வரும். ஜூன் 24 அன்று அறுவடையை நிறுத்திவிடுவார்கள். அதற்கு அவர்கள் காட்டும் ஆர்வத்தை என்னால் இன்றுவரை முழுதாகப் புரிந்துகொள்ள முடியவில்லை. மிளகு, சீரகம் போட்டுப் பொரியல் செய்தால் மோசமில்லை.

முருங்கைக்காய் சாம்பாரைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. தமிழ்க் கடையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பருப்பு, புளி, மிளகாய்த்தூள், சீரகச் சம்பா அரிசி ஆகியவை அங்கிருந்துதானே வர வேண்டும்? காயை மட்டும் மண்ணுக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டால் வாரம் முழுவதும் புதுக் காயில் சமைக்கலாம் என்பதே என் கருத்து.

ஊசூர் (சிங்கப்பூர்)

எங்களுக்கு இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை. லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா சந்தையில் தமிழில் கேட்டுத் தமிழில் வாங்கலாம்; வாழைப்பூ, வாழைத்தண்டு, முருங்கைக்கீரை எல்லாம் உண்டு. காலையிலேயே போய்விட வேண்டும். மதியத்துக்குப் பின், காய்கறி, மீன், இறைச்சி விற்கும் ஈரச்சந்தைப் பகுதியில் பெரும்பாலான கடைகள் மூடிவிடும், திங்கட்கிழமை விடுமுறை விடும் கடைகளும் உண்டு. ‘பாயம்’ என்று எழுதியிருந்தால் அது நம் முளைக்கீரை வகை.

பேரணாம்பட்டு வாசி (இழையைத் தொடங்கியவர்)

இத்தனை விவரமாக எழுதிய அனைவருக்கும் நன்றி. மோர்தானா அண்ணாவின் பதிவை மனைவி தாளில் எழுதி வைத்துக்கொண்டார். இன்னும் சில சந்தேகங்கள். ஒன்று, கறிவேப்பிலையும் கொஞ்சம் முள் கத்திரிக்காயும் பெட்டியில் கொண்டுபோகலாம் என்று அம்மா சொல்கிறார், முடியுமா? இரண்டு, ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு ஆட்டுக்கறி எங்கே வாங்குவது? நாங்கள் ஏரி மீன் சாப்பிட்டுப் பழகியவர்கள், அங்கே சந்தையில் அப்படி மீன் கிடைக்குமா?

மோர்தானா (பிராங்க்பர்ட் வட்டாரம்)

அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், முடியாது. 2019 டிசம்பர் 14 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து காய், பழம், இலை எதைக் கொண்டுவந்தாலும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அன்னாசி, தேங்காய், டுரியான், வாழைப்பழம், பேரீச்சை ஆகிய 5 மட்டும் விலக்கு. கறிவேப்பிலைக்கும் கத்திரிக்காய்க்கும் சான்றிதழ் இல்லாவிட்டால் விமான நிலையத்திலேயே பறித்துக்கொள்வார்கள். இறைச்சிக்கும் பால் பொருளுக்கும் தடை இருக்கிறது. ஆகையால் உப்புக்கண்டத்தையும் வீட்டு நெய்யையும் எடுத்துவைக்க வேண்டாம். மிளகாய்த்தூள், மசாலாத்தூள் போன்ற பொடிகளைக் கொண்டுவரலாம்.

கறிக்குத் துருக்கியர் அல்லது மொராக்கோவினர் நடத்தும் ஹலால் கறிக்கடைக்குப் போங்கள். வெள்ளாடு அரிது, கிடைப்பது செம்மறி, அதிலும் பெரும்பாலும் இளங்குட்டி. ஆம்பூர்ப் பிரியாணிக்கு எலும்போடு கூடிய தோள்பகுதியைக் கேட்டு, துண்டின் அளவைக் கையால் காட்டி வெட்டச் சொல்லுங்கள். நம் ஆட்டை விடக் கொழுப்பு அதிகம், வேகும் நேரம் குறைவு. அதனால் எண்ணெயைக் குறைத்து, அரிசி போடும் நேரத்தை முன்னதாக வைத்துக்கொள்ளுங்கள்.

மீனுக்கு, சந்தையில் வண்டியில் வைத்து விற்கும் கடைகள் உண்டு. முள் இல்லாத துண்டுகளே அதிகம். குழம்புக்கு அவை உதிர்ந்துவிடும். முழு மீனாகக் கேளுங்கள், தலையையும் சேர்த்துத் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் எறிந்துவிடுவார்கள். ‘கார்ப்ஃபன்’ என்று குளிர்காலத்தில், குறிப்பாகக் கிறிஸ்துமஸ் சமயத்தில் வரும் குளத்து மீன், நம் ஏரிக் கெண்டையின் இனம்தான். மண்வாடை இருக்கும், மஞ்சளும் கல்லுப்பும் போட்டு நன்றாக அலசிவிட்டுப் புளியைக் கொஞ்சம் தூக்கலாக வையுங்கள். கடல் மீனில் ‘மக்ரேலே’ விலை குறைவு, வறுவலுக்கு ஏற்றது.

பேரணாம்பட்டு வாசி (இழையைத் தொடங்கியவர்)

அம்மா விடுவதாக இல்லை. காய் கொண்டுபோக முடியாவிட்டால் முள் கத்திரி விதையையாவது பொட்டலம் கட்டித் தருகிறேன், மாடியில் தொட்டியில் போட்டுக்கொள் என்கிறார்.

காட்பாடி ஜங்ஷன் (ஆஹன், மாணவர்)

நடுவதற்கான விதைக்கும் அதே சான்றிதழ் வேண்டும் அண்ணா, அதுவும் கூடாது. ஆனால் சிறு காய் காய்க்கும் கத்திரி ரக விதைகளை இங்கேயே தோட்டக் கடைகளில் உறையில் விற்கிறார்கள். முள் இருக்காது, எண்ணெய்க் கத்திரிக்காய்க்கு ஆகும். நீங்கள் மார்ச்சில் வந்தவுடனே வீட்டுக்குள் சன்னல் ஓரத்தில் நாற்று விட்டுவிடுங்கள். மே 11 முதல் 15 வரையிலான நாள்களில் திடீர்க் குளிர் வரும் என்று இங்கே உழவர்கள் சொல்வார்கள், அது கழிந்த பிறகு தொட்டியை வெயில் படும் மாடத்தில் வையுங்கள். நாற்று விட நேரம் இல்லாவிட்டால், மே மாதம் வாரச்சந்தையிலேயே கத்திரி நாற்றுகளை வாங்கிக்கொள்ளலாம். அதற்கு மட்டும் நானும் சந்தைக்குப் போவதுண்டு.